போகக்கூடாத பின்

"அறுபதும் ரிஜெக்ட்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அருள்குமாரை இன்னைக்கோட நிறுத்திரலாம்."

மேனேஜர் மோகன்ராஜ் சொல்லிவிட்டு, மேஜைமேல் அடுக்கியிருந்த துப்பாக்கிக் குழல்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

பனியன் துணி நெய்யும் மெஷின்களுக்கு உதிரிபாகம் செய்து வளர்ந்த பட்டறை அது. ஆறு மாதமாகத்தான் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையிலிருந்து வேலை வருகிறது. குழலின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை போட்டுத் தர வேண்டும். சுடும்போது அந்த ஓட்டை வழியாக வெளியேறும் வாயுவின் வேகத்தில்தான் அடுத்த தோட்டா ஏறும். ஓட்டை சிறுத்தால் துப்பாக்கி நடுவில் நின்றுவிடும். பெருத்தால் அதிர்ந்து அதிர்ந்து சீக்கிரமே பழுதாகும்.

மெஷினில் ஓட்டை போடுவது அருள்குமார். அளவு பார்க்கும் வேலை கவிப்பிரியாவுடையது. அதற்கு ஊசி போல இரண்டு எஃகுப் பின்கள். ஒன்று ஓட்டைக்குள் போக வேண்டும். சற்றே தடித்த மற்றது போகக்கூடாது.

"போகக்கூடாத பின், அறுபதுலயும் உள்ள போகுதுன்னு காலைல நீங்கதானே சொன்னீங்க?" என்றார் மோகன்ராஜ். "நேத்து அவரு டிரில் மாத்தினாரு. தப்பானதைப் போட்டுட்டாரு. பெருசாப் போன ஓட்டையை இனி சுருக்க முடியுங்களா?"

கதவோரம் நின்றிருந்த அருள்குமார், "சரியான டிரில்தானுங்க சார் போட்டேன்" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

கவிப்பிரியா படிவத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு கையெழுத்து. பேனா முனை காகிதத்துக்கு மேலே கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு பேனாவை மூடினாள்.

"சார், பத்து நிமிசம் குடுங்க. இந்தப் பின்னை அளந்து பாத்துர்றேன்."

"பின்னையா? அளக்கறதுக்கு வாங்குனதையே அளக்கப் போறீங்களா?"

"ஆறு மாசமா தெனமும் எத்தனை ஓட்டையில வெச்சு அமுக்கறோமுங்க. முனை தேஞ்சிருந்தா, சரியான ஓட்டைக்குள்ளயும் போயிருமுங்களே?"

மோகன்ராஜ் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அருள்குமார் உங்களுக்குச் சொந்தமுங்களா?"

"இல்லீங்க சார்."

"ஒரே ஊரா?"

"அவரு சாமளாபுரமுங்க. நான் சேவூர்."

"அப்புறம் எதுக்குங்க இவ்வளவு அக்கறை?"

அவள் பின்னைத் துணியால் துடைத்தாள். மைக்ரோமீட்டரின் இடுக்கில் அதன் முனையை வைத்து மெல்லத் திருகினாள். எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மூன்று தடவையும் ஒரே அளவு.

"ரெண்டு புள்ளி பூஜ்யம் அஞ்சு மில்லிமீட்டர் இருக்கணுமுங்க. ரெண்டு புள்ளி பூஜ்யம் மூணுதான் இருக்குது. நீங்களே பாருங்க சார்."

மோகன்ராஜ் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். போய் அலமாரியைத் திறந்து, பிரிக்காத புதுப் பின்னை எடுத்துவந்து நீட்டினார்.

முதல் குழலில் புதுப் பின் ஓட்டையின் வாயிலேயே நின்றது. இரண்டாவதிலும் அப்படித்தான். சாப்பாட்டு மணி அடித்தபோதும் கவிப்பிரியா நிமிரவில்லை. அறுபதாவது குழலை வைத்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

"ஒண்ணுகூடத் தப்பில்லீங்க சார். எல்லாமே பாஸ்."

அருள்குமார் கைகூப்பினார். "ஊட்டுல போயி என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னுட்டு இருந்தனுங்க. நீங்க யாரோ, நான் யாரோ…"

"கெளம்புங்கண்ணா. மொதல்ல போயி சாப்பிடுங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். மோகன்ராஜ் நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தார்.

"பெரிய பாவத்துல இருந்து என்னையக் காப்பாத்திட்டீங்கம்மா. ஆனா இன்னொரு சங்கடம் இருக்குது. அவரு எடத்துக்கு நாளைக்கே வரச் சொல்லி, காலைலயே ஒருத்தருக்குப் போன் பண்ணிட்டேன். போன மாசம் இன்டர்வியூவுக்கு வந்தவரு. நாலு மாசமா வேலை இல்லையாம். சந்தோசத்துல, எத்தனை மணிக்கு வரட்டும்னு மூணு தடவை கேட்டாரு. தை மாசம் ரெண்டாவது மெஷின் வருது, அப்ப மொத ஆளா அவரைத்தான் எடுப்பேன். ஆனா இப்ப எந்த வாயால வேண்டாம்னு சொல்றது?"

"நான் சொல்லிக்கறேங்க சார்."

"பேரு தரணீதரன். நம்பர் தர்றேன், எழுதிக்கோங்க."

"நம்பர் வேண்டாங்க சார்" என்றாள் கவிப்பிரியா. "காலைல நீங்க போனை வெச்ச கையோட என் ஊட்டுக்காரரு எனக்குத்தான் கூப்பிட்டாருங்க. சாயங்காலம் ஊட்டுக்குப் போயி நானே சொல்லிக்கறேன்."