முதல் குடித்தனம்

ராசிபுரத்தில் புதிதாக எழும்பியிருக்கும் ஓட்டு வீட்டின் வாசலில் சாலம்மாள் நிற்கிறாள். வீடு அவளுடையது, நெய் விற்றுச் சேர்த்ததில் கட்டியது. சுவரில் சுண்ணாம்பு இன்னும் ஈரமாக மணக்கிறது. காலை வெயில் சன்னல் கம்பிகளுக்குள் நுழைந்து அடுப்பின்மேல் விழுகிறது. அவளே மண் குழைத்துப் போட்டு, ஒரு தடவைகூடப் பற்றவைக்காத அடுப்பு. இன்று அதில் பால் பொங்குகிறது. பொங்கவைப்பவள், வாடகைக்கு வந்திருக்கும் மஸ்தான் பீவி. பின்னாலிருக்கும் ஓலைக் குடிசையிலிருந்து கணவன் குழந்தைவேல் தணிந்த குரலில் கூப்பிடுகிறான். "வா புள்ள. இந்த வாடகைய வெச்சு இன்னொரு ஊடு கட்டிப்போடலாம். அதுல நாம இருந்துக்கலாம்." அவள் திரும்பவில்லை. ஓட்டு இடுக்குகளில் முதல் புகை கசிந்து, வெயிலில் நீலமாகி, எங்கோ போகிறது. மஸ்தான் பீவி பால் தம்ளரோடு வாசலுக்கு வருகிறாள். "ஏன் வெளியவே நிக்கிறீங்க? உள்ள வாங்க, ஊட்டுக்காரம்மா." எத்தனை நாளாக அவள் காது கேட்கத் தவித்த சொல் அது! சாலம்மாள் பாதத்து மண்ணைத் தட்டிவிட்டு மெல்லப் படியேறுகிறாள். உள்ளே நின்று நாலு சுவரையும் பார்க்கிறாள். பிறகு கேட்கிறாள்: "நான் எங்கீங்க உக்கார்றது?"