நண்டு போட்ட அங்கி

"இந்தப் பொண்ணு எந்த ஊருப் படை?" என்று கேட்டார் அதிகாரி.

கடைக்காரர் ஜின்பெய் என்னைப் பார்த்தார். படத்தை வரைந்தவன் நான்.

மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம். தெருவில் பிள்ளைகள் கட்டிப் புரள்கிறார்கள். அவ்வளவுதான்.

ஆனால் எடோ நகரத்தில் யாருக்கும் அது பிள்ளைகள் சண்டை இல்லை. ஷோகன் என்ற படைத்தலைவருக்கும் பேரரசருக்கும் நடக்கும் போரைப் படமாகப் போடத் தடை. அதனால் உடையில் சொல்லிவிடுவோம். மெழுகுவர்த்தி போட்ட உடை என்றால், மெழுகுவர்த்திக்குப் பேர்போன ஐசு ஊர். ஷோகன் பக்கம். ஹாகிப் பூ என்றால் ஹாகி ஊர்க்காரன். பேரரசர் பக்கம்.

ஐசு பையன் ஹாகி பையனைப் புழுதியில் உருட்டிக்கொண்டிருந்தான்.

ஓரத்தில் நண்டு போட்ட அங்கியில் ஒரு சிறுமி. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

காலையிலிருந்து கடை வாசலில் அவளைப் பற்றித்தான் பேச்சு.

"நண்டுன்னா கடலோரம்டா. செண்டாய்தான்!"

"போடா, செண்டாய்க்குச் சிட்டுக்குருவி. இதுகூடத் தெரியாம படம் பாக்க வந்துட்டான்."

கேட்டுக்கொண்டிருக்க நன்றாக இருந்தது.

அதிகாரி ஹாகி ஊர்க்காரர்; நகரம் இப்போது பேரரசர் படையின் கையில்.

"பசங்க அடிச்சுக்கட்டும், போகட்டும். இவ எங்களப் பாத்துல்ல சிரிக்கிறா. ஊரைச் சொல்லு. இல்லேன்னா அம்பது நாள் கையில விலங்கு."

"ஊரெல்லாம் இல்லீங்க ஐயா. சின்னப் பொண்ணா வரைஞ்சிருக்கேன்; என் பெண்டாட்டி."

கடையே சிரித்தது. ஜின்பெய் மட்டும் சிரிக்கவில்லை.

"நல்லா அளக்குறே! அப்போ அந்த நண்டு அங்கியக் கொண்டா, பாப்போம்."

வீடு கடைக்குப் பின்னால்தான். கொண்டுவந்து நீட்டினேன்.

அதிகாரி வாங்கி விரித்தார். நண்டுகளைப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார்.

மழை பெய்து பத்து நாளாகியிருந்தது. அங்கி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

இறந்தவரின் உடையை வடக்குப் பார்த்துத் தொங்கவிட்டு, நாற்பத்தொன்பது நாள் காயவிடாமல் தண்ணீர் தெளிப்போம். அவர் ஊரிலும் அந்த வழக்கம் இருந்திருக்க வேண்டும்.

"எத்தனாவது நாள்?"

"முப்பத்தொண்ணு."

அவர் அங்கியைத் திரும்ப என் கைகளில் வைத்தார். ஒரு குழந்தையைக் கொடுப்பதுபோல, இரண்டு கைகளாலும்.

"படம் இருக்கட்டும்" என்றார். "நீ போ. காயுறதுக்கு முன்னாடி மாட்டு."