சிரிக்காத ஜெயிப்பு

கல்யாணமான புதிதில் மழை பெய்தால் போதும், அமிர்தநாதனும் ஸ்டெல்லாவும் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து ரம்மி ஆடுவார்கள். தோற்றவர் டீ போட வேண்டும், அவ்வளவுதான் பந்தயம். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் அவன் ஒரு சீட்டைத் தொடைக்கு அடியில் தள்ளுவான். பிடிபட்டதும் வீடே அதிரச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே அவள் பல தடவை கண்டும் காணாமல் இருந்திருக்கிறாள். இப்போது அவன் தனியாகச் செல்போனில் பணம் கட்டி ஆடுகிறான். தட்டில் சோறு காய்ந்து கிடக்கும். கூப்பிட்டால் எரிந்து விழுவான். விட்டதைப் பிடித்ததும் நிறுத்திவிடுவதாக மாதாமேல் சத்தியம் செய்வான். அவளுடைய தையல் மெஷின்கூட அந்தப் பணத்துக்காகத்தான் வீட்டைவிட்டுப் போனது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள் அவன் பின்னால் நின்று பார்த்தாள். திரையில் பூக்கள் கொட்டின. அவன் விரல் அதற்குள் அடுத்த ஆட்டத்தைத் தொட்டிருந்தது.

“ஜெயிச்சிட்டீங்க,” என்றாள். “சிரிக்கவே இல்லையே.”

விரல் நின்றது. “நிப்பாட்ட முடியல ஸ்டெல்லா. எத்தனையோ தடவ பாத்துட்டேன்.”

“தனியா முடியாதுங்க. குடிக்குப் பாக்குற மாதிரி இதுக்கும் டாக்டர் பாக்குறாங்களாம். நாளைக்குப் போவோம்.”

மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில், மனநல மருத்துவரின் அறையிலிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவன் வாசலில் தயங்கி நின்றான்.

“நீயும் உள்ள வா,” என்றான். “வெக்கப்பட்டு நான் எதையாவது விட்டுட்டா, நீ சொல்லு.”