சிவப்பு மையில் இரண்டு கோடுகள்

“ஏழு நாள் அந்தமான் போறோம். வெறும் கால் நனைச்சிட்டு வர்றதுக்கா?” என்று கேட்டாள் கணக்குப் பிரிவு சுவேதா.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் நிறுவனம் அது. மதிய உணவு இடைவேளை. ஐந்து குடும்பங்கள் சேர்ந்து செல்லவிருக்கும் பயணத்தின் திட்டத்தை, கிடங்குப் பொறுப்பாளர் ஆனந்தன் எழுதிக் கொண்டுவந்திருந்தார். ஒன்பது ஆண்டுகளாக அங்கே எல்லாப் பயணங்களுக்கும் திட்டம் தீட்டுபவர் அவரே.

தாளில் இரண்டு வரிகள் மட்டும் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தன. ஒன்று, காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் மூழ்கும் ஸ்கூபா. மற்றொன்று, மலையேற்றம்.

“ஸ்கூபாவுக்குத் தலைக்கு நாலாயிரம்மா. அதே மீனு, அதே பவளம். அடியில கண்ணாடி வெச்ச படகுல உக்காந்துகிட்டே பாக்கலாம். எழுநூறு ரூபாதான்,” என்றார் ஆனந்தன்.

“உக்காந்துகினே மீன் பாக்க அந்தமான் இன்னாத்துக்கு அண்ணாத்தே? ஞாயித்துக்கெயம காசிமேட்டாண்ட போனா வஞ்சிரமே பாக்கலாம்!”

சொன்னவர் பேக்கிங் பிரிவின் ஒப்பந்த ஊழியர் துலுக்கானம். செம்பரம்பாக்கம் ஏரியை ஒரே மூச்சில் நீந்திக் கடந்ததாகச் சொல்லிக்கொள்பவர். ஆடி மாதத்தில், கோயில் திருவிழா என்று பத்து நாள் விடுப்பு எடுத்ததைத் தவிர ஓய்ந்து அமர்ந்தறியாதவர்.

எல்லோரும் சிரித்தார்கள். மேற்பார்வையாளர் தினகரன் மட்டும் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டறிக்கையை எடுத்து மேசைமேல் விரித்தார்.

“வானகரத்துல ஒரு டிராவல்ஸ்ல விசாரிச்சேன். ஸ்கூபா, மலை எல்லாம் சேத்துத் தலைக்கு முப்பத்தாறாயிரம். உங்களது எவ்வளவு ஆனந்தன்?”

“இருபத்தேழு சார்.”

“ஸ்கூபாவை விடுங்க. மலையை ஏன் அடிச்சீங்க? மலை ஏறக்கூடக் காசு கேக்கறாங்களா?”

ஆனந்தன் சற்றுத் தடுமாறினார். “வண்டி, வழிகாட்டி... அப்புறம் அரை நாள் போயிடும் சார். அதுக்காக ஒரு ராத்திரி கூடத் தங்கணும்.”

“இவராண்ட போயி மலை கேக்கறீங்களே சார்!” என்று துலுக்கானம் குறுக்கிட்டார். “இவரு ஊட்ல டீத்தூளக் காய வெச்சி ரெண்டாந்தபா போடுவாங்கோ!”

சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. ஆனந்தனின் முகம் சிறுத்துவிட்டது. ஆனாலும் அவர் தாளை மடிக்கவில்லை.

“கையைத் தூக்குங்க. டிராவல்ஸ் திட்டம்தான் வேணும்னா அதுலயே போங்க. இனிமே எந்தப் பயணத்துக்கும் நான் பட்டியல் எழுதலை.”

தினகரனும் சுவேதாவும் டிராவல்ஸுக்குக் கை தூக்கினார்கள்.

சமையற்கூடத்து வேம்புலியம்மாள், “எனக்கு இருவத்தேயாயிரமே ஜாஸ்திப்பா. ஆனந்தன் சொன்னாமேரியே கீட்டும்,” என்றார்.

ஆனந்தனையும் சேர்த்தால் இரண்டுக்கு இரண்டு. அனைவரும் துலுக்கானத்தைப் பார்த்தார்கள்.

“ஏரியையே நீந்துனவன் நானு. ஸ்கூபால்லாம் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணி,” என்று நெஞ்சை நிமிர்த்தினார் துலுக்கானம். “ஆனா, சொளையா ஒம்பதாயிரம் மிச்சமாவுதே! பொயச்சிப் போட்டும் இந்தக் கஞ்சன்!”

கை ஆனந்தனுக்காக உயர்ந்தது.

“சரி, கஞ்சத்தனத்துக்குத்தான் மெஜாரிட்டி,” என்றபடி தினகரன் துண்டறிக்கையைக் கசக்கினார். சுவேதா கைப்பேசியை எடுத்து, பயணத்துக்கென்று தொடங்கிய வாட்ஸ்அப் குழுவின் பெயரைக் ‘கஞ்சன் டூர்ஸ்’ என்று மாற்றினாள்.

மணி அடித்தது. எல்லோரும் கலைந்தார்கள்.

ஆனந்தன் குழாயடியில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். துலுக்கானம் இருபுறமும் பார்த்துவிட்டு அருகில் வந்து நின்றார்.

“ரொம்ப ஓவரா பூட்ச்சா அண்ணாத்தே?”

“கஞ்சன்னு சொன்ன, சரி. டீத்தூள் கதை எதுக்குப்பா? பாவம், என் பொண்டாட்டி உனக்கு என்ன பண்ணினா?”

“நான் கம்முனு இருந்தா தினகரன் சாருக்கு டவுட்டு வந்துரும். அடுத்த மாசம் கான்ட்ராக்ட்டு புதுப்பிக்கணும். ஆடி மாசம் திருவியான்னு லீவு போட்டு, நெஞ்சுல ஸ்டென்ட்டு வெச்சிகினு வந்தேன்னு தெரிஞ்சா சீட்டைக் கியிச்சிருவாரு. மலை ஏறக் கூடாதுன்னு டாக்டரும் சொல்லிட்டாரு. ஸ்கூபா ஃபாரத்துல மொதக் கேள்வியே இருதய நோய் கீதான்னுதான் கேப்பாங்கன்னு நீதானே சொன்னே?”

ஆனந்தன் டப்பாவை மூடினார். பையிலிருந்த கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். ‘கஞ்சன் டூர்ஸ்’ குழுவில் யாரோ ஆறு சிரிப்புப் பொம்மைகளை அனுப்பியிருந்தார்கள்.

“நாளைக்கும் நாலு பேர் எதிர்ல உன்னத் திட்டுவேன். மனசுல வெச்சிக்காத அண்ணாத்தே.”

“திட்டு, திட்டு,” என்றார் ஆனந்தன். “ஆனா, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒரு வேளைகூடக் குறைக்காம வாங்கி எடுத்துட்டு வா. அதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே.”