ஏழாம் நம்பர் பொட்டலம்

"கண்றாவி மேடம்! என் பொட்டலத்தைப் பிரிச்சு வச்சு, உத்து உத்துப் பார்த்துட்டு இருக்கு இது. என் கண்ணாலயே பார்த்தேன்!"

பெண்கள் விடுதியின் பின்கட்டில் கூட்டம் கூடிவிட்டது. கத்தியவள் ஏழாம் நம்பர் அறையில் தனியாகத் தங்கியிருக்கும் துணிக்கடைப் பெண். கத்தின கத்தலில் மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

எதிரே தலைகுனிந்து நின்றவள் குப்பை அள்ளுகிறவள். எப்போதும் மூடி போட்ட வாளியும் கையுமாகத் திரிவதால் எல்லோருக்கும் அவள் வாளியக்கா.

சாக்கடை ரெண்டு தரம் அடைத்துக்கொண்ட பிறகு வார்டன் ஒரு சட்டம் போட்டிருந்தாள். நாப்கினை டாய்லெட்டில் போடக்கூடாது. பழைய பேப்பரில் சுற்றி, மேலே அறை நம்பர் எழுதி, வாளியில் போட வேண்டும். துணி நாப்கின் மட்கும் குழிக்கு, பிளாஸ்டிக் உள்ளது குப்பை வண்டிக்கு. எது எந்த ரகம் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

நம்பர் எதற்கு? எவள் பொட்டலம் வரவில்லையோ, அவள்தான் டாய்லெட்டில் போடுகிறாள் என்று பிடித்துவிடலாமே! வார்டன் மூளை அப்படி.

ஆக, பொட்டலத்தைப் பிரிக்கிற வேலையே வாளியக்காவுக்குக் கிடையாது.

"உள்ள கம்மல் கிம்மல் கிடைக்கும்னு தேடுச்சோ என்னமோ!" என்றாள் ஒருத்தி. சிரிப்பு எழுந்தது.

"சிரிக்காதீங்கடி. மந்திரம் வைக்கிறதுக்கா இருக்கும்" என்றாள் இன்னொருத்தி.

வார்டன் கையை உயர்த்தினாள். "எல்லார் பொட்டலத்தையும் பிரிக்கிறியா?"

"இல்லம்மா. ஏழு மட்டுந்தான்."

"அதான் ஏன்னு கேக்கறேன்!"

வாளியக்கா நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை பெண்கள். சமையலறை வாசலில் சமையல்காரர். கழுத்தை நீட்டிக்கொண்டு வாட்ச்மேன்.

திறந்த வாயை மூடிக்கொண்டாள். "தப்புதாம்மா."

"தப்புன்னு தெரிஞ்சே செஞ்சிருக்கே. நாளையிலேருந்து வராதே."

"அம்மா, வீட்ல அவரு படுத்த படுக்கையா..."

"அதைப் பிரிக்கறதுக்கு முன்னால நினைச்சிருக்கணும்."

கூட்டம் கலைந்தது. துணிக்கடைப் பெண் வேலைக்குக் கிளம்பினாள். நாலு படி இறங்குவதற்குள் கண்ணை இருட்டிக்கொண்டு வர, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்தில் வாளியக்காவின் நிழல் விழுந்தது.

"இன்னும் என்ன? அதான் ஏன் பிரிச்சேன்னு கடைசி வரைக்கும் சொல்லலியே!"

வாளியக்கா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆம்பளைங்க இருக்கறப்ப சொல்ல வாய் வரல பாப்பா. இங்க எல்லாருக்கும் அஞ்சாறு நாள்ல பொட்டலம் நின்னுடுது. உன் நம்பர் மட்டும் இருபத்தாறு நாளா நிக்கவே இல்ல. வேற ஏதாச்சும் குப்பையா இருக்கும்னு மனசைத் தேத்திக்கத்தான் பிரிச்சேன். கட்டி கட்டியா ரத்தம்... யார்கிட்டயும் சொல்லாம இப்படியே நின்னு நின்னு துணி விக்கிறியேம்மா. எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போவோம். எனக்குத்தான் இப்ப வேலை இல்லையே, நான் கூட வர்றேன்."