பொனெட்டுக்குள் பூனைக்குட்டி

வெள்ளவத்தை ஒழுங்கையில், காலை வெயிலில் நிற்கும் காரின் பொனெட்டுக்குள் பூனைக்குட்டி விடாமல் கத்துகிறது. பொனெட்டைத் திறக்க இழுத்த லீவர், அறுந்த கேபிளோடு நாகேந்திரத்தின் கையில் தொங்குகிறது. இரத்மலானைக் கந்தோரில் வேலைக்குப் பிந்திவிட்டது. "ஸ்டார்ட் பண்ணிப் பாப்பமே?" என்கிறார். "விசரே உங்களுக்கு? பெல்ட்டுக்க அம்பிட்டாச் செத்துப்போகும்!" என்கிறாள் மனைவி சரோஜினிதேவி. பூட்டு இளகட்டும் என்று அவள் பொனெட்டை இரு கைகளாலும் அமுக்க, அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, மிஞ்சிய கம்பி நுனியைக் குறட்டால் பிடித்து இழுக்கிறார். இரண்டு முறை வழுக்குகிறது. வியர்வை கண்ணில் எரிகிறது. மூன்றாம் முறை 'டக்' என்று பொனெட் எழும்புகிறது. பற்றரியின் மேல் சுருண்டிருக்கும் குட்டியை மெல்லத் தூக்குகிறார். அது மணிக்கட்டை விறாண்டிவிட்டு மதிலேறி ஓடுகிறது. சரோஜினிதேவி இரத்தத்தைப் பார்க்கிறாள். "கந்தோர் கிடக்கட்டும். ஊசி போட வேணும், வெளிக்கிடுங்கோ."