பெரிய வீட்டுக் குரல்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளம் இயக்குநர் பொத்தானை அழுத்தினார். திரையில் எசமான் வேலைக்காரனை எட்டி உதைத்தார். எசமான் வீட்டுக் குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

வேலைக்காரன் முகம் முழுக்கக் கரி. காதுக்குப் பின்னால், பூச மறந்த இடத்தில், நடிகரின் வெளுத்த தோல் தெரிந்தது.

மைக் முன்னால் நின்ற வயதான டப்பிங் கலைஞர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

மூன்று தலைமுறை குடும்பம் குடும்பமாகப் பார்த்துச் சிரித்த படம். இந்த உதைக்குத்தான் தியேட்டரே அதிரும். போன மாதம் படத்தைப் புதுப்பித்துப் போட்டுக் காட்டியபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாதியில் எழுந்த ஒரு பெண், வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

படக் கம்பெனிக்கு உடனே ஞானம் பிறந்துவிட்டது. எசமான் வேலைக்காரனின் நிறத்தைச் சொல்லித் திட்டும் ஒரு சொல்லை மட்டும் நறுக்கி எறிந்தார்கள். உதையை எடுக்கவில்லை. உதை இல்லாவிட்டால் கதை நகராதாம்!

வேலைக்காரனுக்கு ஒரு கறுப்பு மனிதரைப் பேசவைத்து, அவர் முகத்தை விளம்பரத்தில் போடுவதாக ஏற்பாடு. மாதக்கணக்கில் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த இந்தக் கலைஞர், கூப்பிட்டதும் சவரம் செய்துகொண்டு ஓடி வந்திருந்தார்.

"காலம் மாறிடுச்சுண்ணே. உங்க ஆளுங்களுக்கு இனிமே உங்க ஆளுங்கதான் பேசணும். எசமான் குரலை மட்டும் நாங்க தொடவே மாட்டோம். என்ன கம்பீரம்! பரம்பரைப் பணக்காரர் இல்லையா அந்த நடிகர், ரத்தத்துலயே வருது" என்றார் இயக்குநர்.

கலைஞர் பேசவேண்டிய வசனம் அவர் கையில் இருந்தது. 'அடிங்க எசமான், உங்க கால் பட்டா புண்ணியம்.'

முதல் தடவை வாயைத் திறந்து மூடினார். இரண்டாவது தடவை வாய்வரை வந்தது. எச்சில் கசந்தது. வீட்டில் மனைவியிடம் என்ன சொல்வது என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு காகிதத்தைக் கசக்கிப் போட்டார்.

இயக்குநர் படத்தை நிறுத்தினார். எசமான் வாயை மூடியபடி திரையில் உறைந்து நின்றார்.

அப்போது எசமானின் குரல் அறையை அதிரவைத்தது.

"இந்த எச்சில் வேலைக்கு வேற ஆளைப் பாரு."

இயக்குநருக்குத் தூக்கிவாரிப் போட்டது, எழுந்தார். இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்தார். அது ஓடவில்லை.

எசமானாக நடித்த அந்தப் பணக்கார நடிகர் வாயைத் திறந்தால் கீச்சுக்குரல்தான் வரும். வெளியே மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, வாலிப வயதில் இந்தக் கலைஞரைத்தான் எசமானுக்குப் பேசவைத்தார்கள். இன்று நறுக்கி எறிந்த அந்தச் சொல்லைச் சொன்னதும் இவர்தான். எகத்தாளம் போதவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். அன்றைக்கும் இதே கசப்புதான், விழுங்கிக்கொண்டார்.

கண்ணாடிக்கு அப்பால் இயக்குநரின் முகம் மலர்ந்தது.

"அண்ணே! அவரை அப்படியே உரிச்சு வச்சிருக்கீங்களே! மிமிக்ரியெல்லாம் பண்ணுவீங்களா?"